முனியாண்டிக்கு ஆரஞ்சுத் தண்ணி

காளியண்ணனுக்கு யார் பொறுப்பு என்று துரை கேட்டபோது ஆபீஸில் நின்ற ஐந்து பேரில் நாலு பேர் தரையைப் பார்த்தார்கள். ஐந்தாவது ஆள் ரெங்கசாமி கங்காணி. அவர் துரையின் முகத்தைப் பார்த்துத் தொலைத்துவிட்டார். பார்த்த பிறகு என்ன செய்வது? "நான் பாத்துக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் எச்சிலை விழுங்கினார்.

கேமரன் மலையில், கோலா தெர்லா ஊருக்கு மேலே, ஒன்பதாவது மைலில் இருக்கிற ஒன்பதாங்கட்டைத் தேயிலைத் தோட்டம். எழுபத்தொன்பதாம் வருஷம், ஜூன் கடைசி. ரெங்கசாமி அங்கே ஃபேக்டரிக் கங்காணி. இலை வந்து இறங்குவதிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறுகிறவரை முப்பத்தெட்டு ஆட்களை அவர்தான் மேய்க்க வேண்டும். காளியண்ணன் அவர்களில் ஒருவன், ரோலர் மெஷின்காரன். வாடிய இலையைப் போட்டு உருட்டி நசுக்குகிற மெஷின் அது. பத்து வருஷமாக அதில் நின்றவன். ஒரு பிடி இலையைக் கசக்கி மூக்கில் வைத்தால் போதும், இன்னும் எத்தனை நிமிஷம் ஓட வேண்டும் என்று சொல்லிவிடுவான். வேலையில் சூரன். என்ன செய்ய, சம்சுச் சாராயம் குடிப்பதிலும் சூரன். முதலில் குளிருக்கு என்று குடித்தான், பிறகு உடம்புவலிக்கு என்று குடித்தான், கடைசியில் பல் விளக்குவதற்கு முன்பே குடித்தான். சித்திரைத் திருவிழாவுக்கு மறுநாள் ஃபேக்டரிப் படிக்கட்டில் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தான். கீழே ஈப்போ பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரண்டு மாசத்துக்கு மேல் வைத்திருந்து ஆளைத் தேற்றி அனுப்பினார்கள்.

போய் அழைத்துவந்ததும் ரெங்கசாமிதான். அங்கே இருந்த தமிழ் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சரியாயிட்டான்னு நெனைச்சிராதீங்க. இனிமே ஒரு வாய் உள்ள போனாலும் பழைய எடத்துலதான் போய் நிப்பான். வேலை செய்ற எடத்துல நாலு பேர் கூட இருந்து பாத்துக்கிட்டாத்தான் உண்டு."

துரை சொன்னது வேறு மாதிரி. சிவலிங்கம் துரை நம்ம ஆள்தான். வெள்ளைக்காரத் துரை போன பிறகு வந்தவர். ஆள் மாறியதே தவிர நாற்காலி அதே நாற்காலி. "வருஷக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன் கங்காணி. அதுக்குள்ள ஒரு நாள், ஒரே ஒரு நாள் குடிச்சிட்டு வேலைக்கு வந்தான்னா, அன்னிக்கே பேரை வெட்டிடுவேன். வீட்டையும் காலி பண்ணணும்." லயத்து வீடு தோட்டத்துச் சொத்து. வேலை போனால் கூரையும் போகும். அந்தக் கூரைக்குக் கீழே காளியண்ணன் பெண்சாதி வேலம்மாவும் மூன்று பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

சரி, பொறுப்பு என்று தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாகிவிட்டது. ரெங்கசாமிக்குப் புத்தகப் படிப்புக் கிடையாது, டாக்டர் சொன்ன ஒரே வாக்கியம்தான் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவருக்குத் தெரிந்த மட்டும் செய்தார். காளியண்ணனின் கை அப்போது தட்டில் வைத்த தண்ணீர்போல ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடு ரோலருக்கு அனுப்ப முடியுமா? மேல்மாடியில் இலையைப் பரப்பி வாட்டுகிற வேலைக்கு விட்டார். பெண்கள் செய்கிற வேலை. ஒரு வாரத்துக்கு ஃபேக்டரி முழுக்க அவனைக் 'காளியம்மா' என்று கூப்பிட்டார்கள். அவனும் முந்தானையை இழுத்துச் செருகுகிற மாதிரி சட்டையைச் செருகிக் காட்டிச் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் நாலு மணி ஆனால்தான் ஆபத்து. அந்த நேரத்தில் அவனுக்கு வாய் வறளும், கண் அலையும். நாலு அடிக்கும்போதெல்லாம் ரெங்கசாமி, "தம்பி, இந்தத் தராசைக் கொஞ்சம் புடி", "தம்பி, அந்தச் சாக்கை எண்ணு" என்று எதையாவது சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். டின்பால் நிறைய ஊற்றிய தேத்தண்ணீர் மூன்று கோப்பை உள்ளே போகும்.

சனிக்கிழமை காய்கறிக்குக் கோலா தெர்லா போகிறபோதுதான் பெரிய கண்டம். லோரி நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சீனன் கடை, வாசலிலேயே சம்சு பாட்டில்கள் வரிசையாக. துணைக்குத் தங்கையா போவான். இரண்டாம் ரோலரில் நிற்கிற இருபத்தாறு வயசுப் பையன். கடைப் பக்கமாகத் தான் நடந்து, காளியண்ணனைச் சாக்கடைப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போவான்.

"கடையப் பாக்கக்கூடாதாம்ணே. என்னைச் சைக்கிள் மாதிரி தள்ளிக்கிட்டுப் போறாம்லா" என்று காளியண்ணன் வந்து புகார் சொன்னான். சொன்ன முகத்தில் சந்தோஷம் இருந்தது.

இப்படியே ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் போயிற்று. கை நின்றது. மறுபடி ரோலருக்கு வந்தான். காலையில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும்போது "ஆஜர்" என்று மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். வேலம்மா ஒரு நாள் ரெங்கசாமி வீட்டுக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஃபேக்டரிக்கு வெளியே விறகுக் கொட்டகை ஓரத்தில் முனியாண்டி இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், ஒரு சிவப்புத் துணி. மெஷின்களுக்கெல்லாம் அவர்தான் காவல். ஆயுத பூஜையன்று அவருக்குக் கோழிக்குழம்பும் சுருட்டும் ஒரு பாட்டில் சாராயமும் வைப்பது, ஃபேக்டரி கட்டின நாளிலிருந்து வழக்கம். பூசாரி தனியாகக் கிடையாது. யார் கங்காணியோ அவர்தான் பூசாரி. பூசை முடிந்ததும் படைத்த பாட்டிலைத் திறந்து, பாட்டில் மூடியிலேயே ஊற்றி ஆளுக்கு ஒரு மூடி கொடுப்பார். அது குடி அல்ல, பிரசாதம். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாமி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எந்தத் தைரியத்தில் மெஷினில் கை வைப்பது?

பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே ரெங்கசாமி கணக்குப் போட ஆரம்பித்தார். காளியண்ணனுக்கு மூடி கொடுத்தால் டாக்டர் சொன்னது நடக்கும். கொடுக்காமல் தாண்டிப்போனால் முப்பத்தேழு பேர் முன்னால் அவன் மானம் போகும். வராதே என்றால், தன் மெஷின் பூசைக்கே வராத ரோலர்காரன் என்ற பேர் வரும். அவர் யோசித்து யோசித்துக் கடைசியில் எல்லாரையும் கூட்டி, "இந்த வருஷம் சாமிக்குப் பாட்டில் வேணாம். ஆரஞ்சுத் தண்ணி வச்சிருவோம்" என்றார்.

தூள் பிரிக்கிற இடத்தில் முப்பது வருஷமாக இருக்கிற அம்மாக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தாள். தங்கையாவின் அம்மா. "முனியாண்டி என்ன பச்சப்புள்ளயா ரெங்கசாமி, ஆரஞ்சுத் தண்ணி குடிக்க?"

"ஆத்தா, சும்மா இரு" என்றான் தங்கையா. "ஒரு வருசம் அவரும்தான் ஒடம்பப் பாத்துக்கட்டுமே!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மாக்கண்ணுவும் சிரித்தாள். பூசையன்று ரெங்கசாமி மஞ்சள் நிறத் தண்ணீரை மூடியில் ஊற்றி நீட்டியபோது, காளியண்ணன் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தான், குடித்துவிட்டு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதான். பார்த்தவர்களுக்கும் கண் கலங்கியது. நாமும் ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று எல்லாருக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. தீபாவளி வந்தது, அதையும் அவன் ஒரு சொட்டு இல்லாமல் தாண்டினான். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் புத்தியோடு இருந்த முதல் தீபாவளி இதுதான் என்று வேலம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

தீபாவளிக்கு எட்டாம் நாள், காலை பத்து மணிக்குத் தங்கையாவின் கை ரோலருக்குள் போய்விட்டது.

எப்படிப் போயிற்று என்பதில் ஒரு மர்மமும் இல்லை. ரோலருக்குக் கீழே கை போகாமல் தடுக்க ஒரு கம்பிவலை உண்டு. அது பிய்ந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. ரெங்கசாமி, ஆபீஸில் கணக்கு எழுதுகிற சாம்பசிவம் கிராணியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார். கிராணியும் மூன்று தடவை எழுதிக்கொண்டார். அடியில் இலை கட்டிக்கொண்டால், வலை இருந்த காலத்திலும் அதன் ஓரமாக, ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே கையை விட்டு இழுத்துவிடுவது எல்லாருக்கும் பழக்கம். அன்றைக்கு விட்ட கை திரும்பி வரும்போது மூன்று விரல் இல்லை. ஓடிப்போய் மெஷினை நிறுத்தியது காளியண்ணன். தன் சட்டையைக் கிழித்துக் கட்டி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு லோரிக்கு ஓடியதும் காளியண்ணன்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் லயத்தில் பேச்சு வந்துவிட்டது. முதலில் தண்ணீர்க் குழாயடியில். பிறகு ஒவ்வொரு வாசலிலும். மறுநாள் காலை அம்மாக்கண்ணு தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஃபேக்டரி வாசலுக்கு வந்தாள். மண்ணை வாரி எறிந்தாள்.

"ஒருத்தன் குடிக்கக் கூடாதுங்கறதுக்காக சாமிய பட்டினி போட்டீங்களேடா! அவரு பசிக்கு எம்புள்ள வெரலையா எடுத்துக்கணும்?"

"அக்கா, கம்பிவலை இல்லக்கா. அதான் காரணம்" என்று ரெங்கசாமி அவள் கையைப் பிடிக்கப் போனார்.

"பத்து வருசமா அந்த வலையப் பாத்துக்கிட்டா எல்லாரும் வேலை செஞ்சாங்க?" என்று கையை உதறினாள்.

யாரும் காளியண்ணனைத் திட்டவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்துபோனவர்கள். ரோலரில் நிற்க ஆள் வரவில்லை, இலையை உலர்த்துகிற அடுப்புக்காரன் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைத் திறந்தான். வெள்ளிக்கிழமை மதியம் பரிகாரப் பூசை என்று முடிவாயிற்று. இரண்டு பாட்டில் வைக்க வேண்டும். யாருக்காகப் படையலை மாற்றினார்களோ அவன் கையாலேயே ஊற்ற வேண்டும், முதல் மூடியை அவனே குடிக்க வேண்டும். அப்போதுதான் சாமி மனசு ஆறும்.

ரெங்கசாமி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார். தங்கையா ஒரு வார்த்தை சொன்னால் தாய் கேட்பாள் என்று ஒரு நம்பிக்கை. "நான்தாண்ணே கைய விட்டேன், வேற யார் என்ன செஞ்சா?" என்றான் தங்கையா. ரெங்கசாமிக்கு உயிர் வந்தது. அவன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "இருந்தாலும், பத்து வருசமா எல்லாரும் கைய விட்டுத்தானேண்ணே எடுக்கறோம். இந்த வருசம் மட்டும் ஏன்?"

அவன் போர்வையை இழுத்துவிட்டு ரெங்கசாமி எழுந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

மறுநாள் துரையைப் பார்க்கப் போனார். "ஐயா, கை போனதுக்குச் சாமி காரணமில்லீங்க. கம்பிவலை பிஞ்சிருந்துச்சு, கிராணிகிட்ட மூணு தடவை சொன்னேன். தொரை வந்து ஜனங்ககிட்ட அதை ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இந்தப் பூசையை நிறுத்திறலாம். காளியண்ணன் பொழச்சிக்குவான்."

சிவலிங்கம் துரை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கம்பிவலைப் பேச்சை இந்த ரூமோட விட்டுடுங்க கங்காணி. லேபர் ஆபீஸ்காரன் காதுல விழுந்தா பெரிய சூசா, தொந்தரவு. ஃபேக்டரியில யார் கங்காணின்னு முதல்ல உங்களத்தான் கேப்பான்."

"அப்ப பூசை..."

"சாமி விஷயத்துல நான் தலையிடறதில்ல. ஜனங்க மனசு ஆறணும். நடக்கட்டும்." அலமாரியைத் திறந்து, யாரோ தீபாவளிக்குக் கொடுத்த இரண்டு பிராந்திப் பாட்டில்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எம் பேரச் சொல்லிப் படைச்சிருங்க."

"ஐயா, அவன் ஒரு வாய் குடிச்சாலும் போச்சுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"அவன் குடிக்கணும்னு நான் சொல்லலியே. குடிச்சிட்டு வேலைக்கு வரக் கூடாது. ரூல் அவ்வளவுதான்."

ரெங்கசாமி இரண்டு பாட்டிலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினார். கீழே போட்டு உடைத்துவிடலாம் என்று தோன்றியது. உடைத்தால் இன்னும் இரண்டு வாங்க எவ்வளவு நேரமாகும்?

நேரே காளியண்ணன் வீட்டுக்குப் போனார். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "தம்பி, உதட்டுல வச்சிட்டு அப்படியே கீழ விட்டுரு. குனிஞ்சி குடிக்கிற மாதிரி குனிஞ்சா யாருக்குத் தெரியப் போவுது?"

"சாமியையா ஏமாத்தச் சொல்றீங்கண்ணே?" என்றான் காளியண்ணன். அடுத்த நிமிஷமே, "சரிண்ணே, அப்படியே செய்யறேன்" என்றான்.

உள்ளேயிருந்து வேலம்மா வந்தாள். மூன்று நாளாக அழுது முகம் வீங்கியிருந்தது. "வேணாம்ணே. ஏற்கனவே ஏமாத்தினதுக்குத்தான் தங்கையா கை போச்சுங்கறாங்க. மறுபடி ஏமாத்துனா எம்புள்ளைங்களுக்குல்ல வரும்? மூணும் பொட்டப்புள்ளைங்க. ஒரு மூடிதானேண்ணே, குடிக்கட்டும். அத்தோட விட்டுருவாரு. விட்டுருவீங்கள்ல?" கடைசியில் கேட்டது புருஷனைப் பார்த்து. அவன் தலையை ஆட்டினான். ரெங்கசாமிக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மெஷின்களை நிறுத்தினார்கள். எல்லாரும் விறகுக் கொட்டகை ஓரத்தில் கூடினார்கள். தங்கையாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள்; தாய்க்குப் பக்கத்தில், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். ரெங்கசாமி கற்பூரம் காட்டினார், கோழிக்குழம்புக்குத் தண்ணீர் சுற்றினார். பாட்டிலைத் திறந்து காளியண்ணன் கையில் கொடுத்தார்.

அவன் மூடியில் ஊற்றினான். பாதி தரையில் சிந்தியது. வாசனை வந்ததும் மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு ரெங்கசாமியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, சொன்னான்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணாம்னு சொல்லுங்க. கீழ வச்சிடறேன். யார் என்ன சொன்னாலும் வச்சிடறேண்ணே."

சொல்லத்தான் வந்தார். வாய் திறந்தது, நாக்கு வரைக்கும் வந்தது. அப்போது தங்கையாவின் கை கண்ணில் பட்டது. இந்த வருஷம் மட்டும் ஏன்? ஊரெல்லாம் கம்பிவலை, கம்பிவலை என்று கத்தித் திரிந்த மனுஷன், தங்கையா கை போன நாளிலிருந்து அந்தச் சூலத்தைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டினார். அது அவருக்கு மட்டும் தெரியும். ஆரஞ்சுத் தண்ணி வைத்த கை அவர் கைதான். ஒருவேளை நிஜமாகவே முனியாண்டி கோபித்துக்கொண்டிருந்தால்? நாளைக்கு இன்னொருத்தன் கை போனால்? எந்த முகத்தோடு இந்தக் கூட்டத்தின் முன்னால் நிற்பது? பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

காளியண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு குடித்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அம்மாக்கண்ணு அவன் தலையைத் தடவி, "நீ நல்லா இருப்ப சாமி" என்றாள். எல்லாரும் ஆளுக்கொரு மூடி வாங்கினார்கள், கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள், இரண்டு மணிக்கு ரோலர் ஓடியது. ரெங்கசாமிக்கும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனசு லேசாகத்தான் இருந்தது. சனி, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள் காளியண்ணன் பெரட்டுக்கு வந்தான். டாக்டர் ஒன்றும் கடவுள் இல்லையே என்றுகூட ரெங்கசாமி நினைத்தார்.

புதன்கிழமை அவன் வரவில்லை. கோலா தெர்லாவில், சீனன் கடைக்குப் பின்னால், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் கிடந்தான். ரெங்கசாமியும் தங்கையாவும் போய்த் தூக்கினார்கள். தங்கையா ஒற்றைக் கையால் தூக்கினான். கிராணியிடம் காய்ச்சல் என்று ரெங்கசாமி பொய் சொன்னார். மறுநாளும் அதே பொய். வேலம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு நாள் தாண்டிவிட்டால், இரண்டே நாள், மறுபடி மாடிவேலையில் போட்டுத் தேற்றிவிடலாம் என்று ரெங்கசாமி தவித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, வேலம்மா கதவைத் திறந்த நேரம் பார்த்து வெளியேறி, அவனே வந்துவிட்டான். குளித்து, முகம் மழித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பத்தடி தூரத்துக்குச் சம்சு நாறியது. நேரே ரோலருக்குப் போனான்.

"தம்பி, வீட்டுக்குப் போடா. நான் எழுதிக்கிறேன், போடா."

"வேலைக்கு வந்துட்டேம்ணே. ரெண்டு நாள் போச்சுல்ல. மூணாவது நாளும் வரலன்னா பேரை வெட்டிருவாங்கண்ணே. வீடு போயிரும்ணே." நாக்குக் குழறியது. அடியில் இலை கட்டியிருந்தது. குனிந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ரெங்கசாமி பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். யாரோ கத்தினார்கள், மெஷின் நின்றது. நின்ற அமைதியில் வாசல் பக்கம் பார்த்தால், காலைச் சுற்றுக்கு வந்த துரை நிற்கிறார்.

காளியண்ணன் தட்டுத்தடுமாறி எழுந்து விறைப்பாக நின்று, "குட்மார்னிங் தொரை" என்றான்.

துரை ரெங்கசாமியை வெளியே கூப்பிட்டார். "நான் என்ன சொன்னேன் கங்காணி?"

"ஐயா, ஒரே ஒரு மாசம் லீவு குடுங்க. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். நல்லா இருந்தவன்தாங்க. நாலு மாசம் நீங்களே பாத்தீங்க."

"இன்னொரு கை போனா நான்தானே பதில் சொல்லணும்?"

ரெங்கசாமிக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. "தொரை, நீங்க குடுத்த பிராந்திங்க அது."

சிவலிங்கம் துரையின் காது சிவந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ரெங்கசாமி காலில் விழுந்து கெஞ்சியிருப்பார். "நான் சாமிக்குக் குடுத்தேன் கங்காணி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் சாம்பசிவம் கிராணி காளியண்ணன் பேரை வெட்டிய காகிதத்தைக் கொண்டுவந்தார். மறு வாரம் ரோலருக்குக் கீழே புதுக் கம்பிவலை போட்டார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

ரெங்கசாமி யூனியன்காரரைப் பார்த்தார், குடித்துவிட்டு மெஷினுக்கு வந்தவனுக்கு என்ன பேசுவது என்று அவர் கையை விரித்தார். தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தார். வேலை இல்லாதவனைத் தோட்டத்து வீட்டில் வைத்தால் உன் வீடும் போகும் என்று கிராணி சிநேகமாகச் சொன்னார்.

பதினைந்தாம் நாள் காலை, காய்கறி ஏற்றுகிற லோரி ஒன்று வந்து லயத்தில் நின்றது. தாப்பா பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலம்மாவின் அண்ணன் இருக்கிறான்; அங்கே போகிறார்கள். அவனுக்கே இரண்டு அறைதான். கட்டில், அலமாரி, சாமி படம், அடுக்குப்பானை எல்லாம் ஏறின. மூன்று பிள்ளைகளும் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். காளியண்ணனை முன்பக்கம் டிரைவர் பக்கத்தில் தங்கையா ஏற்றி உட்கார வைத்தான். அவன் யாரையும் பார்க்கவில்லை. முழங்காலுக்கு நடுவில் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு குனிந்திருந்தான்.

வேலம்மா ரெங்கசாமியிடம் வந்து கால் தொட்டுக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"நீங்க ஒருத்தர்தாண்ணே எங்களுக்காக நின்னீங்க. கூடப் பொறந்தவன்கூட இப்படி நிக்க மாட்டான்."

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா."

"அன்னிக்குப் பூசையிலகூட நீங்க வேணாம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தீங்க. நான் பாத்தேண்ணே. நான்தான் பயந்துகிட்டு, சொல்லாதீங்கன்னு கண்ணக் காட்டுனேன். நீங்க எனக்காகத்தான் பேசாம இருந்துட்டீங்க. எம் புருஷனக் கெடுத்தது நான்தாண்ணே. நான் சாவறவரைக்கும் இது எனக்கு ஆறாது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு ரெங்கசாமி அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் காட்டியதை அவர் பார்க்கவே இல்லை.

டிரைவர் இன்னும் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முடிச்சுப் போட்டு, சரியில்லை என்று அவிழ்த்து, மறுபடி இழுத்துக் கட்டினான். நேரம் இருந்தது. சொல்வதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

"உம்மேல தப்பு ஒண்ணுமில்லம்மா" என்றார் ரெங்கசாமி. "பத்திரமாப் போய்ட்டு வாங்க."